நல்ல நிலையில் உள்ள தெரு

அப்பா விழுந்த குழியின் ஆழம் பதினான்கு சென்டிமீட்டர். நானே அளந்தேன். என் புகாருக்கு நகராட்சி அனுப்பிய பதில் கடிதத்தில் அந்த எண் இல்லை. "மேற்படி தெரு கடந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுபத்தொரு மதிப்பெண் பெற்று நல்ல நிலையில் உள்ளது. பராமரிப்பில் குறைபாடு ஏதுமில்லை" என்று இருந்தது.

அந்த எழுபத்தொன்றை வாங்கிக் கொடுத்தவரே அப்பாதான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முப்பத்தோரு வருடம் அவர் நகராட்சியில் சாலை மேஸ்திரி. கீழே நான்கு ஆட்கள், ஒரு தார் டின், ஒரு தள்ளுவண்டி. அலுவலகத்தில் அவருக்குத் 'தையல்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் குழிக்குள் தார்க் கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். அப்பா குழியின் ஓரத்தை உளியால் சதுரமாக வெட்டுவார். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பார். தார் பூசி, கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு இடிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் சைக்கிள் ஓட்டுவார். உடம்பு துளி அதிர்ந்தாலும் மறுபடி தோண்டச் சொல்வார். ஆட்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

எங்கள் தெருவுக்கென்று கலவை வராது. பெரிய ரோடு போடும் இடத்தில் ஒப்பந்தக்காரரிடம் பல்லிளித்து மிச்சத்தை வாங்கி வருவார்.

மழை ஓய்ந்ததும் ஆண்டுக்கொரு முறை கணக்கெடுப்பு வண்டி வரும். சாலையின் மேற்பரப்பை மட்டும் பார்க்கும். நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே வாங்கும் தெருவுக்குத்தான் புதிதாகப் போடப் பணம். வண்டி வரும் வாரத்தில் அப்பாவுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வருமோ, ஒரு கீறல் விடமாட்டார்.

நான் சாலைப் பொறியியல் படித்தவள். வேறு ஊரில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. ஒருமுறை விடுமுறையில் வந்தபோது தெருவோரத்தைத் தோண்டிப் பார்த்தேன். அடித்தளம் சேறாகிவிட்டிருந்தது. மேலே ஒட்டுக்கு மேல் ஒட்டு.

"அப்பா, இந்த வருஷம் வண்டி வந்துட்டுப் போற வரைக்கும் கை வைக்காதீங்க. மார்க் குறையட்டும், பணம் வரும்."

"வர்றவன் முன்னாடி நம்ம ரோடு கிழிசலோட நிக்கணுமா?"

"கிழிசலப் பாத்தாதான புதுத்துணி தருவான்?"

"அதுக்குள்ள யாராவது விழுந்தா?"

"ரெண்டு வாரம்தான்பா."

"விழறதுக்கு ரெண்டு செகண்டு போதும்டி."

அம்மா அடுப்படியிலிருந்து, "படிச்சவ சொல்றா, கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள்.

"அவளப் படிக்க வச்சதே இந்தத் தார்தான்" என்று சிரித்தார்.

நான் சொன்னது சரி. இன்றும் சரி. அவர் சொன்னதும் சரி.

இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நால்வரையும் வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அவருக்குக் கலவை கொடுக்க யாருமில்லை. ஆனாலும் அவர் போட்ட ஒட்டு ஒரு வருடம் தாங்கியது. அதற்குத்தான் அந்த எழுபத்தொன்று. இந்த மழையில் எல்லாம் வாய் பிளந்தது. ஒரு காலை, தெருவில் தண்ணீர் நின்றபோது சைக்கிளில் பால் வாங்கப் போனார். முன்சக்கரம் இறங்கியது. மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து, கண் திறக்காமலே போய்விட்டார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு உதவிப் பொறியாளரிடம் போனேன்.

"உங்களுக்குத் தெரியாததா மேடம்? மார்க் நல்லா இருந்தா நான் எந்த மூஞ்சியோட பணம் கேப்பேன்? உங்கப்பா வேலை சுத்தம். அதான் பிரச்சினை."

"அவர் வேலைதான் அவரைக் கொன்னுச்சுன்றீங்களா?"

கணினித் திரையைப் பார்த்தார். "வியாழக்கிழமை வண்டி வருது. பாக்கலாம்."

பதினொரு குழிகள். ஒன்றையும் யாரும் தொடக்கூடாது என்றேன். சுற்றிலும் டிரம் வைத்துக் கயிறு கட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பன் விழுந்த குழிக்குக் காவலா? உனக்கு நெஞ்சா கல்லா?" என்றாள் அடுத்த வீட்டு அத்தை.

"கல்லுதான் அத்தை. வியாழக்கிழமை வரைக்கும்."

புதன் இரவு அசதியில் உள்ளே போய்த் தூங்கிவிட்டேன். வியாழன் காலை வாசலுக்கு வந்தேன். குழிகளைக் காணோம். சதுரம் சதுரமாகப் பதினொரு ஒட்டு. அப்பாவின் நான்கு ஆட்களும் கை துடைத்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவருக்கு 'ரோலர்' என்று பெயர். குட்டையாக, அகலமாக இருப்பார்.

"மேஸ்திரி விழுந்த எடத்த அப்படியே விட மனசு வரல பாப்பா. மிச்சக் கலவை கேட்டு வாங்கி, சூடு பண்ணி, விடியறதுக்குள்ள முடிச்சிட்டோம்." முகம் முழுக்கப் பெருமை.

"யாரக் கேட்டுப் போட்டீங்க?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "இன்னைக்கு வண்டி வருது! மறுபடி நல்ல தெருன்னு எழுதிட்டுப் போவான்! அடுத்த வருஷம் யாரு விழணும், எங்கம்மாவா?"

அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. "மேஸ்திரி இருந்திருந்தா..."

"இருந்திருந்தா அவரையும் இப்படித்தான் திட்டியிருப்பேன்."

தள்ளுவண்டியிலிருந்த கடப்பாரையை எடுத்து நடுவில் குத்தினேன். நுனி வழுக்கியது. மறுபடி குத்தினேன். ரோலர் பிடுங்கிக்கொண்டார்.

"ஓரத்துல குத்தணும். நடுவுல குத்தினா நாளெல்லாம் குத்திட்டிருப்ப. என்னத்தப் படிச்சியோ."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேர்த்தார். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான்காமவர் ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நான் போட்டத நானே பேர்க்க மாட்டேன். ஆள விடுங்க."

வண்டி பத்தரைக்கு வந்தபோது ஏழு குழிகள் திறந்திருந்தன. கருவியோடு இறங்கிய பெண் கலவைக் குவியலைப் பார்த்தாள்.

"இது வேணும்னே தோண்டினது போல இருக்கே?"

"ஆமா. உள்ள பாருங்க, வெறும் சேறு. இது மேல எத்தனை ஒட்டு போட்டாலும் நிக்காது."

"உள்ள எப்படின்னு எழுத எங்க பாரத்துல கட்டமே இல்ல மேடம்."

"அப்ப மேலயே எழுதுங்க. ஏழு குழி. ஆழம் அளங்க."

அளவு நாடாவை எடுத்தாள். பிறகு மண்டியிட்டு அளந்தாள். ஏழையும்.

"முப்பத்தெட்டு" என்றாள்.

வண்டி போனதும் ரோலர் கேட்டார். "இப்பவாவது மூடலாமா?"

"மூடுங்க அண்ணே."

பேர்த்த கலவை ஆறிக் கட்டியாகிவிட்டது. மறுபடி சூடு பண்ண அடுப்பு மூட்டினார்கள். நான் நடுத்தெருவில் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினேன். பைக்கில் வந்த ஒருவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"என்ன ரோடும்மா இது? கேக்க ஆளே இல்லையா?"

"நான் கேட்டுட்டு வந்துட்டேன்" என்று கத்தினேன். "நீ எத்தன தடவ போய்க் கேட்ட?"