மதினியும் பழைய தண்ணீரும்

வளவுச் சாக்கடையின் வாயில் அடைத்திருந்த அந்தச் சணல் சாக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரிசி வந்த சாக்கு. அதை நாலாக மடித்து, காலால் மிதித்துத் திணித்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள் என் மதினி. முற்றத்தில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறி, ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும் தொட்டுக்கொண்டிருந்தது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை. குழாயில் பிடித்து, மூடி வைத்து, குடித்தது போக மிச்சம் இருந்ததை அன்று காலை வளவில் இருந்தவர்களே கவிழ்த்துவிட்ட தண்ணீர்.

மதினிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். எங்களுக்கும் ஆகாதுதான். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள் நான். குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் தொடங்கி, கொடியில் யார் துணியை முதலில் எடுப்பது என்பது வரைக்கும் எங்களுக்குள் தினம் ஒரு வழக்கு நடக்கும். இந்த ஒரு காரியத்தில் மட்டும் நான் அன்றும் அவள் பக்கம், இன்றும் அவள் பக்கம்.

திருநெல்வேலி டவுனில் இருந்தது எங்கள் வளவு. தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சிமெண்டுத் தொட்டி. மாநகராட்சித் தண்ணீர் அதில் விழும், நாங்கள் அதன் குழாயில் பிடித்துக்கொள்வோம். வளவுக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். அவருக்குப் பதிலாக வாடகை வாங்குவது, ஆள் வைப்பது, ஆளைக் கிளப்புவது எல்லாம் முன்வீட்டு அண்ணாச்சி. பலசரக்குக் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாக ஆட்டோ பிடித்து வருவார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாமிரபரணி வற்றாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஊறி வளர்ந்த ஒரு வழக்கமும் உண்டு. நேற்றுப் பிடித்தது பழைய தண்ணீர். இன்று குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டதும் அதைச் சாக்கடையில் கவிழ்த்து, குடத்தைப் புளி போட்டு விளக்கி, புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். கவிழ்க்காதவளுக்குச் சோம்பேறி என்று பெயர். நேற்று வந்ததும் அதே ஆறு, இன்று வந்ததும் அதே ஆறு, நடுவில் ஒரு ராத்திரி கழிந்ததில் தண்ணீருக்கு என்ன வந்துவிட்டது என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு அந்தக் கோடை வந்தது. வண்ணார்பேட்டைப் பாலத்தில் போகிறவர்கள் கீழே பார்க்கவே பயந்தார்கள். ஆற்றில் பாறையும் மணலும் அமலைச் செடி என்கிற ஆகாயத்தாமரையும்தான் இருந்தன. குழாயில் தண்ணீர் வருவது அபூர்வமாகிவிட்டது. அண்ணாச்சிதான் எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார். தொட்டிக் குழாய்க்கு ஒரு பூட்டு, வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளவு, பழைய தண்ணீரை யாரும் கவிழ்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு. சாவியை மதினியிடம் கொடுத்தார்கள். கட்டின புருஷனுக்கே ஒரு செம்பு அளவுக்கு மேல் கொடுக்கமாட்டாள் என்று வளவு முழுக்கத் தெரியும். அந்தக் கோடை முழுதும் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்ளாமல், பழைய தண்ணீரைக் குடித்தே இருந்தோம். ஒருத்தருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் வரவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பாபநாசம் அணை நிரம்பிவிட்டது என்றார்கள். குறுக்குத்துறைக் கோயிலை வெள்ளம் மூடியதைப் பார்க்க ஊரே போனது, நாங்களும் போனோம். மதினியும் கும்பிட்டாள், கண் கலங்கினாள். மறுபடி குழாயில் தண்ணீர் வந்த காலையில் அவள் பூட்டைத் திறந்து நிமிர்வதற்குள் எட்டு வீட்டில் ஏழு வீடு குடத்தையும் டிரம்மையும் முற்றத்துக்கு இழுத்துவந்து கவிழ்க்க ஆரம்பித்துவிட்டது. பண்டிகை மாதிரி ஒரே சிரிப்பு. மதினி திறந்த பூட்டை மறுபடி பூட்டினாள். வீட்டுக்குள் போய்ச் சாக்கோடு வந்தாள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார்.

"ஏம்மா, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? சாக்கை எடு."

"பைய எடுக்கேன் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் நிக்கட்டும். கொட்டுனவங்க எல்லாரும் எம்புட்டுக் கொட்டுனோம்னு பாக்கட்டும்."

"ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடின்னு சொல்லுவாவ. உனக்கு எங்க வலிக்கு?"

"அய்யா குடி அம்மா குடின்னுதான் சொல்லியிருக்கு. அய்யா கொட்டு அம்மா கொட்டுன்னா சொல்லியிருக்கு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பஞ்சம் போய்விட்டது, இனி பூட்டும் வேண்டாம், அளவும் வேண்டாம், சாவியைக் கொடு என்றார். மதினி கொடுக்கவில்லை. "பஞ்சத்துல எவனும் சிக்கனமா இருப்பான், வேற வழி கிடையாது. இப்பம் அப்படி இருந்து காட்டுங்க, பாப்போம்" என்றாள். அப்படியானால் இந்த மாதத்தோடு வீட்டைக் காலி பண்ணு என்றார் அவர். எட்டு வீட்டு ஆட்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

மதினி ஆற்றின் கடைசியில் பிறந்தவள். கடலுக்குப் பக்கத்தில், ஆறு வந்து முடிகிற இடத்தில் அவள் ஊர். மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் அங்கே வரும். கோடையில் கிணறு உப்பு கரிக்கும், மழை வந்தால் எங்கள் ஊர்ச் சாக்கடை மிதந்து போய்ச் சேரும். "நீங்க கொட்டுதது காணாமலா போகுது? எங்க அம்மை வீட்டுக்குல்லா போகுது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அவள் விளக்கியதில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் கெஞ்சினான். "ஏட்டி, சாவிதானே, குடுத்துட்டுப் போயேன். இந்த வாடகைக்கு வேற எங்கன வீடு கிடைக்கும்?" அவன் கேட்டது நியாயம். அவன் சம்பளத்துக்கு அந்த வளவை விட்டால் வேறு இடம் கிடையாது. மதினி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "குடுக்கத்தான் போறேன். இங்க இருந்துகிட்டுக் குடுக்க மாட்டேன்." மாதக் கடைசியில் சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பிய பிறகு, திரும்பிப் போய் அண்ணாச்சி கையில் சாவியை வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த கோடையில் வளவில் தண்ணீர் இல்லாமல் தவித்து எல்லாரும் மதினியைத் தேடி வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கோடையிலும் ஆற்றில் தண்ணீர் போனது. கடைத்தெருவில் பார்த்த பழைய அண்டைவீட்டுக்காரி, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றாள். "ஆகலைன்னா நல்லதுதானே. ஆகணும்னா நான் நேந்துகிட்டேன்?" என்று கேட்டுவிட்டு மதினி தக்காளி விலையை விசாரிக்கப் போய்விட்டாள். மழை பெய்த வருஷங்களில் எல்லாம் அவளைப் பார்த்து ஊர் சிரித்திருக்கிறது. இதோ இந்த ஐப்பசியிலும் ஆறு கரை தொட்டுப் போகிறது. இப்போது நாங்கள் இருக்கிற இந்தத் தெருவிலும் யார் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் அவள் போய்க் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். தட்டட்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இப்போது குடியிருக்கிற இந்தப் பாளையங்கோட்டை வீடு நாங்கள் மூன்றாவதாகப் பார்த்தது. முதல் இரண்டு வீட்டிலும் வாடகை பேசி முடித்த பிறகு மதினி தன் சட்டத்தைச் சொன்னாள். பழைய தண்ணீரைக் கொட்டமாட்டேன், மற்றவர்கள் கொட்டினாலும் சும்மா இருக்கமாட்டேன், பிறகு விரட்டக் கூடாது என்று. இரண்டு இடத்திலும் யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வளவைக் காலி பண்ண வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இதிலாவது வாயை மூடிக்கொண்டிரு என்று அண்ணன் வழியெல்லாம் அவளிடம் சத்தியம் கேட்டுக்கொண்டே வந்தான். அவள் செய்துகொடுக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாடகை ஒத்துவந்தது, அறைகளும் பிடித்திருந்தன. "தண்ணிக்குக் குறையே கிடையாது, ஆறுதான் நிறையப் போகுதே. எம்புட்டு வேணும்னாலும் புழங்கிக்கிடுங்க" என்றாள். அண்ணன் மதினியைப் பார்த்தான். மதினி தொண்டையைச் செருமினாள். அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"நாங்க கொட்டமாட்டோம் அம்மா. நீங்க கொட்டுனா கேப்போம். இப்பவே சொல்லிருதோம்."

அண்ணன் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான்.