சும்மா கிடந்த தலையணை

தீபாவளி சீசன். என் வீட்டுக்காரர் சிவகாசிப் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போயிருந்தார். எனக்கு ஏழாம் மாதம். தொடை இடுக்கு எலும்பில் பிளப்பதுபோல வலி. புரண்டு படுத்தால் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று மாமியார் சொல்லியிருந்ததால், எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் படுப்பேன். எழும்போதுதான் உயிர் போகும். வலிக்கிற இடத்தைச் சொல்லக் கூச்சம். போனில் அவரிடம்கூட 'இடுப்பு வலி' என்றேதான் சொன்னேன்.

விருதுநகரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போனேன். பிசியோதெரபி செய்கிற அம்மா, "எங்கன வலிக்குன்னு கைய வச்சுக் காட்டுங்க" என்றார். காட்டியதும் அழுதுவிட்டேன். மாமியார் சொன்ன கொடிப் பயம்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்புட்டு வலியையும் யார்கிட்டயும் சொல்லாமலா இருந்தீக? புரண்டா கொடியெல்லாம் சுத்தாது. முழங்காலுக்கு நடுவுல தலையணை வச்சு, ரெண்டு காலையும் சேத்து இறுக்கிக்கிட்டு, உடம்போட ஒண்ணாத் திரும்புங்க."

வீட்டில் தலையணை தேட வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் அவருடையது சும்மாதான் கிடந்தது. அதை முழங்காலிடையே இறுக்கிக்கொண்டேன். எழுந்திருக்கப் பயந்தே இத்தனை நாளாகப் பெரும்பாலும் சுவரைப் பார்த்துக் கிடந்தவள், அன்று மதியம் அவர் படுக்கிற பக்கமாகப் புரண்டேன்.

அவ்வளவாக வலிக்கவில்லை. இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தப் பக்கம் யாருமில்லை.