நாலு டிஸ்க் எட்டான நாள்

மெஷின்களின் சத்தம் அல்ல. குளிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

வெளியே விழுப்புரத்து மே மாத வெயில். உள்ளே ஸ்வெட்டர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது... திண்டிவனத்திலிருந்து தினமும் வருவேன். அறையில் இரண்டே பேர். நானும் மேனேஜர் அன்பழகன் சாரும்.

நோயாளிகளின் ஸ்கேன் படங்களை வைக்கப் புதிதாக ஒரு டிஸ்க் பெட்டி வந்திருந்தது. உள்ளே நாலு டிஸ்க். ஒரு கேபிளால் சர்வரோடு இணைத்து, பழைய படங்களையெல்லாம் ஏற்றியாயிற்று. பெட்டியோடு வந்த இன்னொரு கேபிளைச் சில நாள் கழித்துச் செருகினோம்.

திரையில் எட்டு டிஸ்க்.

"பாத்தியாம்மா, பாதிப் பெட்டி இம்மாம் நாளா மறைஞ்சிக்கினு இருந்திருக்குது!"

சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேராகப் பெரிய டாக்டரிடம் போய், புது ஸ்கேன் மெஷினின் படங்களுக்கும் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். கூடுதலாகத் தெரிந்த நாலையும் மத்தியானம் துடைத்து ஃபார்மட் செய்ய வேண்டியது நான்.

செய்யுமுன் ஒவ்வொரு டிஸ்க்கின் அடையாள எண்ணையும் பார்த்தேன். புது நாலின் எண்களும் பழைய நாலின் எண்களும் ஒன்றே.

சர்வரின் மென்பொருள் ஒவ்வொரு கேபிள் வழியாகவும் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கிறது. ஒரே டிஸ்க் இரண்டு வழியிலும் பதில் சொல்கிறது. பெட்டியின் ரகம் தெரிந்திருந்தால் இரண்டு பதிலையும் சேர்த்து ஒன்றாகக் காட்டும். எங்கள் பெட்டி புது ரகம். மென்பொருளுக்கு அது தெரியவில்லை.

"சார், நான் ரயில்ல வந்தா முன்கேட்டு. பஸ்ல வந்தா பின்கேட்டு. ரெண்டு கேட்டுலயும் பேர் சொன்னா நான் ரெண்டு ஆளா சார்?"

"ரெண்டு சம்பளம் கேக்காத வரிக்கும் ஒரே ஆளுதான்" என்று சிரித்தவர், திரையைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அப்போ அழிச்சிருந்தா...?"

"பழைய படம் எல்லாமே போயிருக்கும் சார்."

சார் உடனே என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

"அவசரப்பட்டுச் சொல்லிட்டேங்க டாக்டர். நாலுதான். இந்தப் பொண்ணு பாக்கலைன்னா மொத்தமும் காலி."

"அப்போ அந்த ரெண்டாவது கேபிளு தண்டமா?"

"இல்லீங்க. காட்டறேன்."

புது ரகத்தை மென்பொருளுக்கு அறிமுகப்படுத்தும் சிடி, மறுநாள் சென்னை பஸ் கண்டக்டர் கையில் வந்தது. போட்டதும் எட்டு மறுபடி நாலானது. டாக்டரை ஒரு ஸ்கேனைத் திறந்து படம் படமாக நகர்த்தச் சொல்லிவிட்டு, சார் அந்த அறையிலிருந்தே போனில் என்னிடம் சொன்னார்:

"முதல் கேபிளைப் புடுங்கும்மா."

பிடுங்கி, சாரிடம் சொன்னேன்.

போனுக்குள் டாக்டரின் குரல். "இன்னாப்பா, எப்பத்தான் புடுங்குவீங்க?"

"புடுங்கியாச்சுங்க. ரெண்டாவது கேபிள்ல படம் ஓடிக்கினுதான் இருக்குது."

அறைக்குத் திரும்பி வந்த சார் சொன்னது ஒன்றுதான். "போய் மொதல்ல சாப்டு."

அந்த அறையில் நான் தைரியமாக வாய் திறக்கக் கற்றேன். தன் தவறைத் தன் வாயால் சொன்ன ஒருவர் அங்கே இருந்ததால்.

இப்போது சென்னையில், பெரிய டேட்டா சென்டர். மென்பொருளுக்கு எல்லா ரகமும் தெரிந்திருக்கிறது. வழிகள் அறுகின்றன, மறுவழி திறக்கிறது... யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை.

போன வாரம் திரையில் ஒரு எச்சரிக்கை. ஒரு வழி அறுந்திருந்தது. ஏனோ சாரைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்று, கிளியனூரில் மல்லாட்டை போட்டிருக்கிறார். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அந்தப் பேர்.

"படம் ஓடுதா?"

"ஓடுது சார்."

"சாப்ட்டியா?"

"இல்ல சார்."

"அப்பறம் இன்னா ஜல்தி?"

சாப்பிட்டேன். பிறகு போய்க் கேபிளை மாற்றினேன்.