அக்காவின் கால்கள் வெந்த இடம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களை நானும் நிறைய வாங்கிப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இறந்தவரும் நல்லவர், இருப்பவர்களும் நல்லவர்கள். அக்கா நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றவர்களைப் பற்றி, உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் நேரில் வந்து கேட்கலாம். நான் திருவையாற்றில்தான் இருக்கிறேன்.

குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில், குத்தகை விவசாயியான எங்கள் தந்தையாருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். தங்கையைப் படிக்க வைப்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவர் என்று உறவினர் சிலர் உருக்கமாகச் சொல்வதுண்டு. உண்மையில் அவருக்குக் கணக்கு வராது, வாத்தியார் பிரம்பால் அடித்தார், அக்கா சிலேட்டை வாத்தியாரின் மேசைமேலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

அது குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்ட காலம். பெயர் பதிவாவதற்கு முன்னால் ஆளைக் கிளப்பிவிட வேண்டும் என்று மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். எங்கள் நிலமும் அப்படித்தான் போனது. விளைந்து நின்ற நெல்லை அறுக்க மிராசுதாரின் ஆட்கள் வயலில் இறங்கியபோது, எங்கள் தந்தையாரோடு வரப்பில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். அவர் எங்கள் சித்தப்பா, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். மண்டை உடைந்து ரத்தம் வழிந்தபோதும், "அண்ணே, நீங்க நகராதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா அதை நேரில் பார்த்தவர். அன்றிலிருந்து சித்தப்பா ஒன்று சொன்னால் அக்காவிடம் மறுபேச்சு கிடையாது. சங்கத்தின் ஊர்வலம் என்றால் பெண்களில் முதல் ஆளாகப் போவார், ஊர்வலத்துக்கான கொடிகளை வீட்டில் உட்கார்ந்து தைத்தும் கொடுப்பார்.

அத்தானுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அக்கா பக்கத்து ஊர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தான் வயல் வேலைக்காரர். வயலில் வேலை இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. ஆலையில் அடுப்பு அணைவதே இல்லை என்பதால் அக்காவுக்கு எப்போதும் வேலை இருந்தது.

அந்த வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நெல்லை அவிக்கும் கொதிகலனுக்கு உமியைத்தான் போட்டு எரிப்பார்கள். எரிந்த சாம்பலைக் கூடையில் அள்ளிச் சுமந்து, ஆலைக்குப் பின்னால் இருக்கும் குழியில் கொட்டுவது பெண்களின் வேலை. கொட்டிய சாம்பலின் மேல் தண்ணீர் தெளித்தால் மேல்பகுதி இறுகிப்போய்த் தரையைப்போலக் கிடக்கும். அடியில் நெருப்பு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். எது தரை, எது குழி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முதலாளி அதைச் சுற்றி ஒரு சுவர்கூட எழுப்பித் தரவில்லை. பெண்களே மூங்கில் கழிகளைக் கொண்டுவந்து குழியைச் சுற்றி நட்டுவைத்தார்கள். தலையில் கூடையோடு வருகிறவர் அந்தக் கழிகளைப் பார்த்துத்தான் காலை நிறுத்துவார்.

அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த சமயம் அது. வயல் வேலை நின்றுபோனதால் அத்தான் வீட்டில் இருந்தார். ஆலைக்கு வேலைநிறுத்தம் கிடையாது என்பதால் அக்கா காலையில் வேலைக்குப் போனார். அன்று மாலை பெரிய ஊர்வலம். கொடி கட்டக் கழிகள் போதவில்லை. சங்கத்து ஆட்கள் சிலர் ஆலையின் பின்பக்கமாக நுழைந்து, வேலியில் சும்மா நிற்பவை என்று நினைத்து, குழியைச் சுற்றி இருந்த மூங்கில்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போவதை அக்கா பார்த்திருக்கிறார். எங்கே பிடுங்கியவை என்று அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த கூடையைச் சுமந்து வந்தவர், கழி இன்னும் வரவில்லையே என்று நடந்திருக்கிறார். இரண்டு கால்களும் முழங்கால் வரைக்கும் நெருப்புக்குள் இறங்கின. உடன் வேலை பார்த்த செல்லம்மாளும் பாக்கியமும் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அத்தானும் நானும் போய்ச் சேர்வதற்கு முன்பே சித்தப்பா அங்கே இருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் காதருகே குனிந்தார்.

"பாப்பா, போலீசு வந்து கேட்டா வீட்டுல ஸ்டவ் வெடிச்சிடுச்சுன்னு சொல்லிடு."

"ஏன் சித்தப்பா? மில்லுலதான விழுந்தேன்?"

"கழிய புடுங்குனது நம்ம ஆளுங்க. வெளிய தெரிஞ்சா சங்கம்தான் சதி பண்ணிடுச்சுன்னு மொதலாளி கேசு போடுவான். அத்தன பேரும் உள்ள போயிடுவாங்க, கூலி ஒசத்தறதும் போயிடும். நீ இத மட்டும் சொல்லு. நஷ்ட ஈட்ட நான் வாங்கித் தர்றேன். உங்க அப்பா மேல சத்தியம்."

அக்கா தலையசைத்தார். முதலாளிக்காக அவர் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. சித்தப்பாவுக்காகச் சொன்னார். புண்ணைக் கழுவிய நர்ஸ் அம்மா, "ஸ்டவ் வெடிச்சா காலு மட்டுமா வேகும்? இவ்ளோ உமிச்சாம்பல் எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டார். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸ் அம்மா என் முகத்தைப் பார்த்தார். சித்தப்பா ஏன் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று எனக்கே புரிந்தும் புரியாமலும் இருந்த நேரம் அது.

ஒரு பெண் ஸ்டவ் வெடித்து வெந்தாள் என்றால் போலீஸ் முதலில் யாரைத் தேடும் என்று உங்களுக்கே தெரியும். அத்தானை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் இருந்த ஆம்பளை, வேலை இல்லாதவன், பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன் என்று அவர்களே ஒரு கதையைக் கட்டினார்கள். அடித்தார்கள். "அவ என்ன சொன்னாளோ அதாங்க" என்பதைத் தவிர அத்தான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கால்களோடு அக்கா படுக்கையிலிருந்தபடி, "எம் புருஷன் ஒண்ணும் பண்ணலைங்க, அவர விட்டுடுங்க" என்று வந்தவர் போனவர் எல்லோரையும் கும்பிட்டார். அவரை விட்டார்கள். ஆனால் நம் உறவினர்கள் விடவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்கு அத்தான் போனாலும் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். "கொளுத்துனவன் வர்றான் பாரு" என்று ஒரு பந்தியில் என் காதுபடவே சொன்னவர் இன்று நல்ல சுகத்தோடு இருக்கிறார். அவருக்கும் இந்த மலர் கிடைத்திருக்கும்.

சித்தப்பா வாங்கித் தருவதாகச் சொன்ன நஷ்ட ஈடு வரவில்லை. கூலிப் பேச்சு முடிந்தது, ஊர்வலம் ஓய்ந்தது. சித்தப்பாவின் தோளில் இருந்த சிவப்புத் துண்டு கழன்றது, ஆளும் கட்சியின் கரைத்துண்டு ஏறியது. ஆலை முதலாளியும் அதே கட்சிதான். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் மாலையோடு போகும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். அக்கா கேட்டுப் போனபோதெல்லாம், "கொஞ்சம் பொறு பாப்பா, பேசிட்டிருக்கேன்" என்றார் சித்தப்பா.

பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் அக்காவை ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததை முழுதும் கேட்டவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, கழிய யார் புடுங்கியிருந்தா என்னம்மா? வேலை நேரத்துல, வேலை செய்யற இடத்துல, வேலை செஞ்சுக்கிட்டே வெந்திருக்கீங்க. தப்பு யார் மேலன்னே சட்டம் கேக்காது. மொதலாளி குடுத்துத்தான் ஆகணும். உள்ளதச் சொல்லியிருந்தாலே போதுமே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சித்தப்பா சங்கம் நடத்தியவர், இந்தச் சட்டத்தை மேடையில் வாய் கிழியப் பேசியவர். அவருக்கு இது தெரியாதா? அக்காவிடம் கேட்டேன். "பதட்டத்துல மறந்திருப்பாருடி" என்றார் அக்கா.

தொழிலாளர் நஷ்ட ஈட்டு அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. செல்லம்மாளும் பாக்கியமும் வந்து, தாங்கள்தான் குழியிலிருந்து இழுத்துப் போட்டோம் என்று சொன்னார்கள். ஆலைத் தரப்பு, அக்கா ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டியது. அப்போதும் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. சித்தப்பா வாசலில் நிற்கிறார் என்று அத்தான் வந்து சொன்னார். உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அவர் முதலாளியின் சாட்சியாக வந்திருந்தார். "அன்னைக்கி இந்தப் பொண்ணு ஆலைக்கே போகலைங்க. எங்க ஊர்வலத்துக்குக் கொடி தைக்க எங்க வீட்டுக்கு வந்திருந்துச்சு. தச்சிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. அங்கதான் ஸ்டவ் வெடிச்சிருக்கு" என்று நிதானமாகச் சொன்னார். அவர் அக்காவுக்குச் சித்தப்பா என்று தெரிந்ததும் அதிகாரி, சொந்தச் சித்தப்பாவே சொல்கிறாரே என்று மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. வேலையின்போது ஏற்பட்ட காயம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை என மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "சித்தப்பா, நான் பொய் சொன்னது உங்களுக்காகத்தான?" என்று கேட்டார். "எனக்கும் கட்டிக்குடுக்க வேண்டிய கொமரு இருக்கு, மகன் இருக்கான். மில்லுல அவனுக்கு மேனேசர் வேல போட்டுருக்காங்க. என்ன என்னம்மா பண்ணச் சொல்ற?" என்றார் அவர். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதை அன்று அந்த வாசலில் பார்த்தேன். மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "சித்தப்பாவே இல்லன்னு சொன்னதுக்கப்புறம் எந்தக் கோர்ட்டுல போயி யாரக் கேக்கறது?" என்றார்.

அதன்பிறகு அக்கா நின்று வேலை செய்ய முடியவில்லை. சேற்றில் கால் வைத்தால் தோல் வெடித்துவிடும், நடவுக்குப் போக முடியாது. உட்கார்ந்து பூக்கட்டி விற்றார். அத்தான் காலையில் அவர் கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். மகனை வளர்த்து ஆளாக்கினார்கள். சித்தப்பா வீட்டு விசேஷங்களுக்கு அக்கா ஒன்றுவிடாமல் போனார், முறை செய்தார். எனக்கு ஆத்திரம் தாங்காது. "அவருக்கு என்னைக்காவது தோணும்டி. அவரு வாயாலயே சொல்வாரு. அப்பதான் உங்க அத்தான் பேரு சுத்தமாகும்" என்பார். கடைசிக் காலத்தில், சிறுநீரகம் கெட்டு, பேச்சு குறைந்துபோன நாள்களிலும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், "சித்தப்பாவா?" என்று கேட்டார். சித்தப்பா வரவில்லை. அவருக்கு முதுகுவலி என்று சொல்லி அனுப்பினார்கள்.

காரியத்தன்று வந்தார். படத்திறப்புக்கு அவரைத்தான் தலைமை தாங்கச் சொல்லி உறவினர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் முதுகுவலி எங்கே போனதோ தெரியவில்லை. "என் அண்ணன் மகள், ஆலையின் நெருப்புக் குழியிலே கால்கள் வெந்த மகள், உழைத்த இடத்திலே வெந்தும் உரிய நீதி கிடைக்காமலே போன மகள், இதோ படமாகிவிட்டாள்" என்று குரல் நடுங்கப் பேசினார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அத்தான் எழுந்தார். "இத அன்னைக்கி ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே மாமா" என்றார். "அப்ப நெலம அப்படி மாப்ளே. இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார் சித்தப்பா. அத்தான் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது சித்தப்பா என்னிடம், "நான் பேசுனத மலர்ல போடும்மா. நல்லா வந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக ஆலையில் வேலையை இழந்த செல்லம்மாள் அவர்களுக்கும், இன்று நம்மிடையே இல்லாத பாக்கியம் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி. சாம்பலைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்த நர்ஸ் அம்மாவுக்கும், கட்டணம் வாங்காமல் வழக்கை நடத்திய வக்கீலுக்கும் நன்றி. தாயைக் கடைசி வரை தூக்கிச் சுமந்து, இந்த மலரின் அச்சுச் செலவையும் ஏற்ற அக்காவின் மகனுக்கு என் ஆசிகள்.

சித்தப்பா, நீங்கள் கேட்டபடியே உங்கள் பேச்சைப் போட்டிருக்கிறேன், ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அக்கா உயிரோடு கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். அதிகாரி முன்னால் நீங்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உறவினர்களே, இரண்டையும் படித்துப் பாருங்கள். இன்று உங்களுக்கெல்லாம் இலை போட்டு, பாயசம் போதுமா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறியவர் அத்தான்தான். பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், தயவுசெய்து அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.