பழுப்பாய் இருந்தால் பிழைத்தோம்

பவளம் வளர்க்கிற உத்தியோகத்தில் சம்பளம் கம்மி, விளக்கம் சொல்வது ஜாஸ்தி. தொண்ணூறுகளில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. உயிருள்ள பவளத்தைக் கடல் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அது சூட்டை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்து எழுதினால் டாக்டர் பட்டம். வீட்டில் மீன் தொட்டியோ லவ் பேர்ட்ஸோ வைத்துக்கொண்டு, மே மாசம் கரண்ட் போகும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களே, நீங்களெல்லாம் நம்ம கட்சி. வாருங்கள், உட்காருங்கள்.

ராமேஸ்வரம் ரயிலில்

பவளத்தை ராமேஸ்வரம் பக்கத்துக் கடலிலிருந்து எடுத்து, மூடி போட்ட வாளிகளில் ரயிலேற்றித் தாம்பரத்தில் இறக்குவேன். வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வருவேன். கைக்குழந்தைக்காரிகூட அவ்வளவு தடவை பார்த்திருக்க மாட்டாள்.

எதிர் சீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பார்த்தார். உள்ளே பழுப்பு பழுப்பாய்க் கட்டி கட்டியாக இருந்தது. “மீன் குழம்புக்கா?” என்றார். பவளம் என்றேன். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். செவ்வாய் தோஷத்துக்குப் போட்ட சிவப்புக்கல் மோதிரத்தை விளக்குக்கு நேராக நீட்டினார். “இதாம்மா பவளம். படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே, உன்னை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க!”

கேளம்பாக்கத்தில் முற்றுகை

தொட்டிக்குப் புதுக் கடல் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோவளத்தில் டிரம் டிரம்மாகப் பிடித்து, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வேனில் கொண்டுவருவோம். ஒரு கோடையில் எங்கே பார்த்தாலும் தண்ணீர்க் கஷ்டம். கேளம்பாக்கத்தில் வேன் நின்றதுதான் தாமதம், குடங்களோடு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னாம்மா, இவ்ளோ தண்ணிய வச்சிகினு நைசா போயிகினே கீறே?” என்று ஒரு அக்கா வழிமறித்தார்.

“ஐயோ, இது கடல் தண்ணிக்கா! உப்பு!” என்று கத்தினேன். யார் நம்புகிறார்கள்? அந்த அக்கா டிரம்மில் கைவிட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். “எங்க வூட்டு போர் தண்ணிக்கு இது எவ்ளவோ தேவலாம்!”

பாயின் மாடி போர்ஷன்

எங்கள் எலெக்ட்ரீஷியன் கரீம் பாய். அனகாபுத்தூரில் சொந்த வீடு. தொட்டியின் காற்று பம்ப்பும் தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷினும் அவர் தயவில்தான் ஓடின. “இந்தப் பழுப்பு இன்னாம்மா, துருவா?” என்று ஒருநாள் கேட்டார்.

விடுவேனா? உட்கார வைத்துச் சொன்னேன். பவளம் என்பது கல் இல்லை பாய், குட்டிக் குட்டிப் பிராணிகளின் கூட்டம். அதன் உடம்புக்குள் கண்ணுக்கே தெரியாத பாசி குடியிருக்கிறது. பழுப்பு நிறம் அந்தப் பாசியோடது. பாசி வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை செய்து பவளத்துக்கு ஊட்டும். பவளம் அதற்கு இடம் கொடுக்கும். தண்ணீர் ரொம்பச் சூடானால் பாசிக்குச் சமையல் கெட்டுப்போய், சர்க்கரையோடு விஷமும் வர ஆரம்பிக்கும். பவளம் பயந்துபோய்ப் பாசியை வெளியே தள்ளிவிடும். அதோடு நிறம் போச்சு, வெள்ளை வெளேர், சாப்பாடும் போச்சு. ஆனால் பாசியிலேயே சில ரகம் சூட்டுக்கு அசராது. அந்த ரகம் குடியிருக்கிற பவளம் தப்பித்துக்கொள்ளும்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார். “வூட்டுக்காரனுக்கே தெனம் சமைச்சுப் போடற குடித்தனமா? என் மாடி காலியா கீதும்மா, ரெண்டு பாசிய அனுப்பிவை!”

பாராட்டு மழை

என்னிடம் இரண்டு தொட்டி. ஒன்றில் கரையோரத்துப் பவளம். கடல் உள்வாங்கும்போதெல்லாம் வெயிலில் காய்ந்து பழகினது. இன்னொன்றில் ஆழத்துப் பவளம். குளுகுளுவென்று வளர்ந்த செல்லப்பிள்ளை. கத்திரி வெயிலில் குளிர் மெஷின் படுத்துவிட்டது, கரண்டும் கண்ணாமூச்சி ஆடியது. கரையோரத்துத் தொட்டி அப்படியே இருந்தது. ஆழத்துத் தொட்டி வெளுத்து வெளுத்து, ஒரு காலையில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது.

அந்த வருஷம் ஒரு கமிட்டி வந்து பார்த்து, ப்ராஜெக்ட்டைத் தொடரலாமா, மூடலாமா என்று சொல்லப்போகிறது. பவளம் செத்தால் வேலையும் இல்லை, பட்டமும் இல்லை. நான் இடிந்துபோய் நிற்கிறேன், ஊரே வந்து பாராட்டுகிறது! கூட்டிப் பெருக்கும் கஸ்தூரி அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, “இன்னா சோப்பு போட்டே?” என்றார். பக்கத்து ரூம்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக டைரக்டர் சார் வீட்டம்மாவையே அழைத்துவந்து காட்டினார். “இப்பதாம்மா பாக்க லட்சணமா இருக்கு! கமிட்டி வர வரைக்கும் இதை இப்படியே மெயின்டெயின் பண்ணு!”

பாய் போட்ட ஓட்டம்

பாத்ரூமில் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெளுத்ததே தவிர, சாகவில்லை! கண்ணாடி மாதிரி உடம்பு, இரை போட்டால் குட்டி வாயைத் திறக்கிறது. சமைத்துப் போட ஆள் இல்லாத வீடு, அவ்வளவுதான். மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி பாலிதீன் பையில் கட்டி மிதக்கவிட்டேன். வெயில் படாமல் வலை கட்டினேன். வேளா வேளைக்கு நானே ஊட்டினேன். என் தங்கையைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்த சமயம். ஒரு பவளத்தின் ஓரத்தில் டீக்கறை போல லேசாக ஒரு பழுப்பு. பாசி திரும்பி வருகிறது! நான் போட்ட கூச்சலில் கரீம் பாய் அரக்கப் பரக்க ஓடிவந்தார். அவரை இழுத்து நிறுத்திக் காட்டினேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இந்தக் கறைக்கா? உனக்கு ஷாக் அடிச்சிட்ச்சுன்னு நெனச்சு, நான் பில்டிங்குக்கே மெயின ஆஃப் பண்ணிட்டு ஓடியாறேன்!”

கஸ்தூரி அக்காவின் உதவி

மெல்ல மெல்லத் தொட்டி முழுக்கப் பழுப்பேறியது. எனக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்குத் துக்கம். “பாவம், அழுக்கு புடிச்சிட்டுதே” என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

கமிட்டி வருகிற அன்று காலையில் போனால், கஸ்தூரி அக்கா ஆழத்துத் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்திருக்கிறார். ஒரு கையில் தேய்க்கிற பிரஷ், இன்னொரு கையில் பிளீச்சிங் பவுடர் பாக்கெட்! ஒரே பாய்ச்சலில் போய்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏம்மா பதறுறே? பெரிய மன்சங்கோ வராங்கோ, அன்னிக்கு மாதிரி வெள்ளையா பண்ணிக் குட்த்தா உனக்குத்தானே பேரு?”

கமிட்டி

போதாத காலத்துக்கு, அந்தப் புரட்டாசியில் டிரான்ஸ்பார்மர் வெடித்து நாலைந்து நாளாகவே கரண்ட் கிடையாது. காற்று பம்ப்பை மட்டும் பாய் கார் பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் எங்கேயும் கிடைக்கவில்லை. தொட்டித் தண்ணீர் மே மாசச் சூட்டைத் தாண்டிவிட்டது. வெளுக்கப்போகிறது, வெளுக்கப்போகிறது என்று தெர்மாமீட்டரும் கையுமாக அலைந்தேன். வெளுக்கவில்லை! முன்பு ஒரு ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்த சூடு தாங்கும் ரகம், இந்தத் தடவை வீடு முழுக்கப் பெருகியிருக்க வேண்டும். நிச்சயமாகச் சொல்ல எனக்கு இன்னும் நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுக்க வேண்டியவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

“மேயில பளிச்சுனு இருந்தது சார், இப்ப கொஞ்சம் அழுக்காயிடுச்சு” என்று டைரக்டர் சார் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கமிட்டித் தலைவர் காதில் வாங்கவில்லை. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு தெர்மாமீட்டரைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார். மறுபடி தெர்மாமீட்டரைப் பார்த்தார். “வெளுத்தது எதும்மா?” என்றார். காட்டினேன். இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார், வித்தியாசம் தெரிந்தால்தானே! “இந்தப் புழுக்கத்துல என்னாலயே நிக்க முடியல, ஒரு தடவை படுத்து எழுந்தது இப்படி நிக்குதே! நீங்க தொடர்ந்து பண்ணுங்கம்மா.”

ப்ராஜெக்ட் தொடர்ந்தது, பட்டமும் வந்தது. டைரக்டர் சாருக்கு மட்டும் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த வெள்ளைத் தொட்டிதான் என் ஒரே சாதனை.