புரியாததை நீக்கிய மொழிபெயர்ப்பாளர்

தம் கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலைத் தாமே புதுப்பித்த மொழிபெயர்ப்பாளர், தமக்குப் புரியாத பகுதிகளையெல்லாம் தேவையற்றவை என்று பெருந்தன்மையோடு நீக்கிவிட்டார். தொலைபேசி வழியாக இணையத்தோடு இணைக்கும் பகுதியும் அவற்றுள் ஒன்று. நண்பகலுக்குள் மொழிபெயர்ப்பு போய்ச் சேராவிட்டால், பதிப்பகம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அந்த இணைப்புக் கருவியான மோடமோ வாயே திறக்கவில்லை. அவர் கம்பியைப் பத்து முறை கழற்றி மாட்டினார்.

"பழைய கெர்னல் இருக்குமேங்க?" என்றாள் மனைவி.

"சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

"நல்லவேளை, அந்தப் பட்டியல்ல நான் இல்லை."

மொழிபெயர்ப்பை ஃபிளாப்பி வட்டில் ஏற்றி வாங்கிக்கொண்டு அவள் பேருந்தைப் பிடித்தாள். பதினொன்றரைக்குப் பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"வந்து சேர்ந்துருச்சு சார். அடுத்த புத்தகத்தையும் உங்க வீட்டம்மாகிட்டயே குடுத்து அனுப்பிட்டேன்."

மோடத்தின் பக்கம் திரும்பாமலே அவர் நன்றி சொன்னார்.