குடை பிடித்துக் குதித்தவன்

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கறுப்புத் தொலைபேசி. பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் அக்கா. நேயர்கள் கூப்பிட்டால் எடுத்துக் கேட்டுக்கொள்வது அவர் வேலை. அவரைவிட நான் மூன்று வயது மூத்தவன். இருந்தும் ஊரோடு ஒத்து நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். அது என்ன முறை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் நேரமில்லை.

நான் எதிர் மேசை, விளம்பரப் பிரிவு. எந்த சோப்பு எந்தக் கொலைக்கு முன்னால் வரவேண்டும், எந்தப் பற்பசை எந்தப் பிணத்துக்குப் பின்னால் வரவேண்டும் என்று அட்டவணை போடுகிறவன். ஆகவே செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணித் துப்பறியும் தொடரை ஒரு நிமிடம் விடாமல் பார்த்தாக வேண்டும். ஆறு வருடமாகப் பார்க்கிறேன். எல்லாம் தலையெழுத்து.

புதன்கிழமை காலையில் அக்காவின் தொலைபேசி அலறும். நேயர் பேசப் பேச, அவர் வாயிலிருந்து விழுவதை அப்படியே ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். திட்டினால் திட்டு, இருமினால் 'இருமுகிறார்', பின்னால் குழந்தை அழுதால் 'குழந்தை அழுகிறது'. ஒன்றும் விடமாட்டார். பிறகு அதைப் பார்த்து மேலிடத்துக்கு ஒரு பக்க அறிக்கை தட்டச்சு செய்வார். நோட்டு ஒரு ஜாதி, அறிக்கை வேறு ஜாதி.

"அந்த இன்ஸ்பெக்டருக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று நோட்டில் இருக்கும். அறிக்கையில், 'விசாரணைக் காட்சிகளில் இன்னும் சற்றுக் கவனம் செலுத்தலாம் என நேயர் ஒருவர் அன்புடன் தெரிவித்தார்.' "செத்துக் கிடக்கிறவன் வயிறு ஏறி இறங்குதே, எங்களை என்ன கேனைன்னு நெனச்சீங்களா?" என்பது, 'இறந்தவராக நடித்தவரின் உயிரோட்டமான நடிப்பு நேயர்களைக் கவர்ந்தது' ஆகிவிடும். "கதை எழுதினவன் கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்" என்று ஒருவர் சொன்னது, 'கதாசிரியரின் கைகளுக்கு ஓய்வு தேவை என நேயர் அக்கறை கொள்கிறார்' என்று போயிற்று. கதாசிரியர் அந்த அறிக்கையைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிவைத்திருந்தார்.

"ஏன் அக்கா இப்படிச் சர்க்கரையைக் கொட்டுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரும் ராத்திரி பகலா உக்காந்து எழுதுறாரு இல்ல, அண்ணே? திட்டுறவங்களுக்கும் மனசு ஆறிடுது, இவருக்கும் மனசு நோகல. நடுவுல நான் ஒருத்தி கேட்டுக்கிட்டா என்ன கொறஞ்சுபோச்சு?"

அப்படிப்பட்ட மனுஷி. எனக்கோ நல்லவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். ஏமாறுவார்களே என்ற எரிச்சல்தான்.

அவர் கணவர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள். ஒருமுறை அக்காவை அழைத்துப்போக அலுவலக வாசலுக்கு வந்தவரிடம், "சௌக்கியமா?" என்றேன். யோசித்து, தலையை ஆட்டினார். டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை ஒரு 'ஃபூ' ஊதி, குடித்தார். பட்டறைத் தூசியை ஊதி ஊதி வந்த பழக்கமாம். கரண்டி, சாவி, கண்ணாடி, எதைக் கையில் எடுத்தாலும் ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் மறுவேலை. அவர் தொடர் எதுவும் பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து கை கழுவும்போது, "இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்பாராம். சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா முழுக்கதையும் சொல்வார். அவர் கேட்டுக்கொள்வார். அந்த வீட்டின் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இப்படி இருந்தபோதுதான் புது மேலாளர் வந்தார். வந்த மூன்றாம் நாளே அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"முன்னெல்லாம் வாரம் நூறு கால் வருமாமே? இப்ப இருபதுகூட வர்றதில்ல. எல்லாரும் செல்போன்லயே எழுதிட்டுப் போயிடறாங்க. வர்ற இருபதும் என்ன? அன்புடன் தெரிவித்தார், அக்கறை கொள்கிறார். இவ்வளவு நல்லவங்களுக்கு எதுக்கு ஒரு ஆள்? பேசுறதைப் பதிவு பண்ற ஒரு மெஷின் போதும்."

அக்கா எழுந்து நின்றார். கை நோட்டைப் பிடித்திருந்தது.

"வர்ற செவ்வாய் பெரிய எபிசோட். கொலைகாரன் யாருன்னு காட்டப்போறாங்க. மறுநாள் ஒரு மணிக்குள்ள நாப்பது கால் வந்தா நீங்க இருங்க. வரலேன்னா மெஷின் இருக்கும்."

அவர் போன பிறகு அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இந்த சீட்டு போச்சுன்னா எனக்கு மூச்சு முட்டிடும் அண்ணே. யார் யாரோ கூப்பிட்டு உரிமையாத் திட்டுறாங்க. வீட்ல நான் யார்கிட்ட பேசுறது, சுவத்துகிட்டயா?"

என்ன செய்ய? விளம்பரப் பிரிவுக்காரன் பேச்சு அம்பலம் ஏறுமா?

செவ்வாய் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தையற்காரரைக் கொன்றது யார் என்று ஏழு வாரமாக இழுத்த கதை. ஏழு வாரமும் செத்தவரின் மச்சானையே முறைத்துக் காட்டினார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், சலூனில் பாதி முகம் சவரம் செய்தபடி உட்கார்ந்திருந்த பாட்டு வாத்தியாரைப் பிடித்து, இவர்தான் கொலைகாரர் என்றார்கள். எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு, ஆகா, நாளைக்கு அக்காவுக்கு நல்ல அறுவடை என்று சந்தோஷப்பட்டேன்.

புதன் காலை எட்டு மணிக்கே தொலைபேசி ஆரம்பித்துவிட்டது.

"ஏழு வாரமா என் மச்சான்கிட்ட நான் பேசல. கதையில வர்றவன் மாதிரியே முழிக்கிறான்னு. இப்ப நான் போய் மன்னிப்பு கேக்கணுமா?" என்றார் ஒருவர். ஒரு அம்மாள், "ரத்தக்கறையை வெந்நீர்ல கழுவுறானே, எந்த வீட்ல துணி தொவச்சிருக்கான் அவன்? பச்சத் தண்ணிதான்னு யாராவது சொல்லக்கூடாதா?" என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். நிஜமான பாட்டு வாத்தியார் ஒருவர், காலையிலிருந்து மூன்று பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். அக்கா எல்லாருக்கும் ம் கொட்டி, எழுதி, ஆறுதல் சொல்லி, நடுவே எனக்கு விரலால் எண்ணிக்கை காட்டினார். பத்தரைக்கு இருபத்தாறு. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு. பன்னிரண்டே முக்காலுக்கு நாற்பத்தொன்று.

நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு மாதிரி வெளிறிப்போய் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நேத்து குடை வந்துச்சா?"

"எந்த விளம்பரத்துல?"

"கதையில. மச்சான் குடையை விரிச்சிக்கிட்டு மொட்டை மாடியிலேர்ந்து குதிச்சானா?"

"சலூன்ல பாட்டு வாத்தியாரைப் பிடிச்சாங்க. குடையும் இல்ல, குடைக்கம்பியும் இல்ல. நீங்க பாக்கலையா?"

அக்கா நோட்டை என் பக்கம் திருப்பினார். மூன்று இடத்தில் விரல் வைத்தார்.

வக்கீல் ஒருவர் கேட்டிருந்தார்: "மச்சான் குடையோட குதிச்சது சட்டப்படி தப்பி ஓடுறதா, இல்ல பறந்து போறதா? எந்தப் பிரிவுல கேஸ் போடுவீங்க?" ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்: "புவியீர்ப்புன்னு ஒண்ணு இருக்கு, அது குடை வச்சிருக்கிறவனுக்குக் கிடையாதா? பிள்ளைங்க பாத்தா என்ன ஆகும்?" பல் வைத்தியர் ஒருவர்: "தண்ணி லாரி மேல விழுந்தவனுக்கு நாலு முன்பல்லாவது போயிருக்கணும். முப்பத்திரண்டும் பளபளன்னு இருக்கே, இது என்ன அநியாயம்?" மூன்றுக்கும் ஓரத்தில், அக்காவின் வழக்கப்படி, ஒரு சொல் இருந்தது: 'ஊதுகிறார்.'

"நேத்து கடைசிப் பத்து நிமிஷம் அசந்து தூங்கிட்டேன் அண்ணே," என்றார் அக்கா. "அவரு வந்து, இன்னிக்கு யாருன்னு கேட்டாரு. நாப்பது கால் விஷயத்தை முன்னாடியே சொல்லியிருந்தேன், இத்தனை முக்கியமான நாள்ல தூங்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மச்சான்தான், குடையை விரிச்சிக் குதிச்சான், தண்ணி லாரி மேல விழுந்தான்னு வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன். இந்த உலகத்துலயே அந்தக் குடையைப் பாத்தது அவர் ஒருத்தர்தான்."

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. வீட்டில் நாலு வார்த்தைக்கு வழியில்லாத ஆள், வக்கீலாகவும் வாத்தியாராகவும் பல் வைத்தியராகவும் குரலை மாற்றிப் பொரிந்து தள்ளியிருக்கிறார்! ஆனால் அக்கா நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் ஒரு புதன், மொத்தம் ஒன்பது அழைப்பு. அதில் கால்நடை மருத்துவர், ஊதுகிறார். மழை கொட்டிய வாரம், ஐந்தே அழைப்பு. முன்னாள் ராணுவ வீரர், ஊதுகிறார். அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கப்பல் மாலுமி, ஊதுகிறார். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, ஆறு வருடமாக யாரோ ஒருவர் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு செய்தார் பாருங்கள் ஒரு காரியம். பேனாவை எடுத்து, அன்றைய வக்கீல், வாத்தியார், வைத்தியர் மூவர்மீதும் கோடு போட்டார்.

"அக்கா! பைத்தியமா உங்களுக்கு? முப்பத்தெட்டு ஆயிடும்!"

"இல்லாத குடையை எழுதி, இருக்கிற நாற்காலியைக் காப்பாத்துறதா? உக்கார்ற இடம் முள்ளாக் குத்தும் அண்ணே."

"ஆறு வருஷமா சர்க்கரையா எழுதினீங்களே, அது குத்தலையா?"

"அது சொன்ன விதத்தைத்தான் மாத்தினேன். எண்ணிக்கையை மாத்தல."

மணி ஒன்று. மேலாளர் அறையிலிருந்து அழைப்பு. எனக்கும் அடுத்த வார அட்டவணையோடு வரச்சொல்லி உத்தரவு. தட்டச்சு செய்த அறிக்கையில் நாற்பத்தொன்று என்று இருந்தது. திரும்ப அடிக்க நேரமில்லை. பொய்க் கணக்கைக் கொடுக்க மாட்டேன் என்று அக்கா நோட்டையே அணைத்துக்கொண்டு கிளம்பினார். பலிக்குப் போகிறவரோடு நானும் போனேன்.

உள்ளே கதாசிரியரும் இருந்தார். அடுத்த வாரத்துக்குக் கதை கிடைக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா நோட்டை மேசையில் வைத்து, "முப்பத்தெட்டு சார்," என்றார்.

"அப்ப முடிஞ்சது," என்றார் மேலாளர்.

கதாசிரியர், வழக்கமான சர்க்கரை கிடைக்கும் என்று நம்பி, நோட்டை இழுத்துப் படிக்க ஆரம்பித்தார். பாவம், அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. வெந்நீர் அம்மாளிடம் ஒருமுறை நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய மச்சானிடம் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பார்த்தால் சிரிக்கிறார். பக்கம் பக்கமாகப் போனார். கோடு போட்ட வரி வந்ததும் நோட்டைக் கண்ணருகே தூக்கிக்கொண்டார். அடித்த வரியைத்தானே மனுஷன் ஆசையாகப் படிப்பான்.

"இந்தக் குடை யாரோடது?" என்றார்.

"அது தப்பா வந்த கால் சார்," என்றார் அக்கா அவசரமாக.

"ஆறு வருஷமா யோசிக்கிறேன், எனக்கு ஒரு குடை தோணலையே! அம்மா, இத்தனை நாளா இந்த நோட்டை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? எல்லாரும் என்னைப் பாராட்டிப் பாராட்டியே பாழாக்கிட்டாங்கன்னு இருந்தேன்." மேலாளர் பக்கம் திரும்பினார். "உங்க மெஷின் எனக்குக் குடை கொண்டாருமா?"

மேலாளர் முப்பத்தெட்டு, நாற்பது என்று ஏதோ முணுமுணுத்தார். கதாசிரியர் அடுத்த வாரக் கதை அந்த நோட்டில்தான் இருக்கிறது, வேண்டுமானால் மெஷினையே எழுதச் சொல்லுங்கள் என்றார். கடைசியில் தொடர் ஓடுகிற வரைக்கும் நாற்காலி இருக்கட்டும், இனி அறிக்கை வேண்டாம், நோட்டே வரட்டும் என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் அக்காவின் கவலை வேறாக இருந்தது: "இனிமே எழுத்தாளர் எல்லாத்தையும் நேராப் படிப்பாரே அண்ணே, மனசு தாங்குமா?"

வீட்டில் கணவரிடம் எதுவும் சொல்லவில்லையாம். "தெரிஞ்சுபோச்சுன்னா பேசுறதை நிறுத்திடுவாரு," என்றார்.

அடுத்த செவ்வாய், பாட்டு வாத்தியார் சிறையிலிருந்து தப்பி, ஒரு மொட்டை மாடியில் ஏறி, குடையை விரித்துக் குதித்து, தண்ணீர் லாரிமேல் விழுந்தார். அக்கா ஒரு கணமும் தூங்காமல் பார்த்துவிட்டு, உள்ளது உள்ளபடி கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தாராம்.

புதன் காலை ஒன்பது மணி. அக்கா எடுத்தார், கேட்டார், ரிசீவரை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். முதலில் ஒரு 'ஃபூ'. அப்புறம் கனத்த குரலில் பல் வைத்தியர்.

"என்னம்மா அநியாயம் இது? போன வாரம் மச்சான் குடையோட குதிச்ச மாதிரியே இந்த வாரம் பாட்டு வாத்தியாரையும் குதிக்க விடுறீங்க? பழைய எபிசோடைத் திருப்பிப் போட்டா எங்களுக்குத் தெரியாதா? கதை எழுதினவனுக்கு வெக்கமே இல்லையா?"

"ரொம்ப நன்றிங்க டாக்டர்," என்றார் அக்கா, சர்க்கரை சொட்டச் சொட்ட. "அவசியம் எழுத்தாளர்கிட்ட சொல்லிடறேன். அப்புறம் டாக்டர், நேத்து டிபன் பாக்ஸைப் பட்டறையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க. இன்னிக்காவது ஞாபகமா எடுத்துட்டு வாங்க."

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, வைத்தியரும் இல்லாமல் வக்கீலும் இல்லாமல், ஒரு சாதாரணக் குரல் வந்தது.

"சரிம்மா."

வைத்துவிட்டார். அக்கா நோட்டை இழுத்து, கண்ணைத் துடைக்காமலே எழுதினார்: 'பல் வைத்தியர். போன வாரம் மச்சான் குதித்தது போலவே இந்த வாரம் பாட்டு வாத்தியாரும் குதிக்கிறார் என்கிறார். கதை எழுதியவருக்கு வெட்கம் இல்லையா என்கிறார். ஊதுகிறார்.' பிறகு பக்கத்து ஓரத்தில் எண் போட்டார்: ஒன்று. அன்றைக்கு அதன்மீது கோடு போடவில்லை.